அத்தியாயம் 9: கேட்கக் கூடாததைக் கேட்டால்

எழுத்துத் தேர்வு முடிந்து, தொழில்நுட்பச் சுற்றும் நல்லபடியாகப் போய், கடைசியில் எச்.ஆர். அறையில் உட்காரும்போதுதான் பலருக்கும் அந்தக் கேள்வி வருகிறது. “கல்யாணம் ஆயிடுச்சா?” “வீட்ல மாப்பிள்ளை பார்க்கிறாங்களா?” “சொந்த ஊர்ல எந்தப் பக்கம்?” “காலேஜ்ல கோட்டாவுல சேர்ந்தீங்களா?” ஜி.எஸ்.டி. பற்றியோ ஜாவா பற்றியோ எதைக் கேட்டாலும் சொல்லத் தயாராக வந்தவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். உள்ளதைச் சொன்னால் வேலை போய்விடுமோ, சொல்லாவிட்டால் திமிர் பிடித்தவர் என்று நினைப்பார்களோ, ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்துவிடலாமா என்று மனம் அலைபாய்கிறது. அந்த நேரத்துக்கு முன்கூட்டியே தயாராவது எப்படி என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

அடிப்படையாக ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பொய் சொல்லாதீர்கள். ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கடமையும் உங்களுக்கு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. அந்த இடத்தில் நிதானமாக நிற்கப் பழகிக்கொண்டால் போதும்.

சட்டம் எதுவரை கைகொடுக்கும்?

அமெரிக்காவில் எழுதப்பட்ட நேர்காணல் கையேடுகளைப் படித்துவிட்டு, “இந்தக் கேள்வியே சட்டவிரோதம்” என்று நம்பிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. இந்தியாவில் நிலைமை வேறு. அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு சாதி, மதம், பால், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஆனால் அது அரசுப் பணிகளுக்கானது. தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தத் தனித்தனிச் சட்டங்கள்தான் இருக்கின்றன. பெண் என்பதற்காக வேலைக்கு எடுக்க மறுப்பதை 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் தடை செய்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. அந்தத் தடை அதிலும் தொடர்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டின் சட்டம், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு 2017ஆம் ஆண்டின் சட்டம், திருநர்களுக்கு 2019ஆம் ஆண்டின் சட்டம் ஆகியவை உள்ளன.

சாதிக்கும் மதத்துக்கும்? தனியார் துறை வேலைத் தேர்வில் இவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் பொதுவான சட்டம் இந்த நாட்டில் இன்னும் இல்லை. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பிறர் முன்னிலையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வி மட்டும் வந்தால் அந்தச் சட்டத்தைக் காட்டுவது கடினம். இது பெரிய குறை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆகவே, கேள்வியைக் கேட்டதே குற்றம் என்று ஆகும் இடங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. உங்கள் பதிலை வைத்து உங்களை ஒதுக்குவதுதான் பெரும்பாலும் தவறாகிறது. அப்படி ஒதுக்கினார்கள் என்று காட்ட, கேட்கப்பட்ட கேள்வி ஒரு சாட்சியாக நிற்கும். அதனால்தான் இப்படிப்பட்ட கேள்விகளை அன்றைக்கே குறித்து வைக்கச் சொல்கிறேன். எப்படிக் குறிப்பது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

கல்யாணம், குழந்தை, மாமியார் வீடு

பெண்களிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். இதற்கு நீண்ட வரலாறும் உண்டு. சி.பி. முத்தம்மா சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். தேர்வாணையத் தலைவரே தன்னை அந்தப் பணியில் சேர வேண்டாமென்று தடுக்கப் பார்த்ததாகவும், திருமணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்வேன் என்று எழுதி வாங்கியதாகவும் பின்னாளில் அவர் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். திருமணத்துக்கு முன் பெண் அதிகாரி அரசிடம் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும் என்று அப்போது விதியே இருந்தது. 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஆண் அதிகாரியின் குடும்பப் பொறுப்பு வேலைக்குத் தடையில்லை என்றால் பெண்ணின் குடும்பப் பொறுப்பு மட்டும் எப்படித் தடையாகும் என்பதே அவர் எழுப்பிய கேள்வியின் சாரம். இன்றைய எச்.ஆர். அறையிலும் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய அளவுகோல் அதுதான். ஆணிடம் கேட்காத ஒன்றை உங்களிடம் மட்டும் கேட்கிறார்கள் என்றால் அங்கே பாகுபாடு தொடங்கிவிட்டது.

இன்னொரு வழக்கும் தெரிந்திருக்க வேண்டும். எல்.ஐ.சி.யில் தேர்வெழுதி, நேர்காணலில் தேறி, மருத்துவப் பரிசோதனையும் முடித்து 1989இல் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், பேறுகால விடுப்பில் போனார். தகுதிகாண் பருவத்திலேயே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். சேரும்போது நிரப்பிய படிவத்தில் கடைசி மாதவிடாய்த் தேதியைத் தவறாகக் கொடுத்துக் கர்ப்பத்தை மறைத்தார் என்பது நிறுவனத்தின் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தபோது நீதிபதிகள் அந்தப் படிவத்தையே எடுத்துப் பார்த்தார்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, எத்தனை முறை கருவுற்றீர்கள், கருச்சிதைவு ஆனதுண்டா என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. இவை பெண்ணின் தன்மானத்தைப் புண்படுத்துபவை, அவற்றை நீக்கிவிடுவது நல்லது என்று 1991இல் நீதிமன்றம் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு வேலையும் திரும்பக் கிடைத்தது. வழக்கறிஞர்கள் இதை நீரா மாத்தூர் வழக்கு என்று குறிப்பிடுவார்கள்.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பிரச்சினை தீரவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருப்பவர் ‘தற்காலிகமாகத் தகுதியற்றவர்’, பிரசவம் முடிந்து நான்கு மாதத்துக்குள் சேரலாம் என்று பாரத ஸ்டேட் வங்கி ஒரு விதியைக் கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2022 ஜனவரியில் அதை நிறுத்தி வைத்தது. 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பொருத்தும் பாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் சம ஊதியச் சட்டத்தின் 5ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டித் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் நோட்டீஸ் அனுப்பியது.

சரி, உங்களிடமே கேட்டால் என்ன சொல்வது? கேட்கிறவரின் மனதில் பெரும்பாலும் ஒரு கவலை இருக்கிறது. பயிற்சி கொடுத்த பிறகு ஆறு மாதத்தில் போய்விடுவாரோ, இரவு ஷிப்ட்டுக்கு வர மாட்டாரோ, வெளியூர் அனுப்ப முடியாதோ என்பதாக அது இருக்கும். அந்தக் கவலைக்குப் பதில் சொல்லுங்கள். சொந்த விஷயத்தைத் தொட வேண்டாம். “கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுடுவீங்களா?” என்று கேட்டால், “சார், மாசம் ரெண்டு தடவை ஓசூர் பிளான்ட்டுக்குப் போகணும்னு விளம்பரத்துல போட்டிருந்தீங்க. எனக்கு அது சரியா வரும். ஒரே இடத்துல மூணு நாலு வருஷம் இருந்து வேலையைக் கத்துக்கணும்னுதான் வந்திருக்கேன்” என்று சொல்லலாம். குரலில் எரிச்சல் வேண்டாம். சிரித்து மழுப்பவும் வேண்டாம். மழுப்பினால் அடுத்த கேள்வி இன்னும் உள்ளே வரும்.

மறுபடியும் துருவினால் மரியாதையாக ஒரு கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். “மேடம், இது இந்த வேலைக்கு எப்படித் தேவைப்படுதுன்னு சொன்னீங்கன்னா அதுக்கேத்த மாதிரி பதில் சொல்றேன்.” நல்ல மனிதர் என்றால் இங்கே நிறுத்திக்கொள்வார். தான் கேட்டது சரியில்லை என்று அவருக்கே புரியாமல் இருந்திருக்கலாம். நம் ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட “எத்தனை குழந்தைங்க?” என்று கேட்பது சகஜம். அந்தப் பழக்கத்தில் கேட்பவரையும், உங்களைக் கழித்துக்கட்டுவதற்காகக் கேட்பவரையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். முதல் வகைக்காரரிடம் கோபப்பட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இரவு ஷிப்ட்டுக்கு வர முடியுமா, பயணம் செய்ய முடியுமா, எப்போது சேரலாம் ஆகியவை நியாயமான கேள்விகள். எல்லாரிடமும் கேட்டால் அதில் தவறில்லை. இரவு வேலைக்குப் பெண்ணின் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே “வர்றேன் சார், கேப் வசதி எப்படி?” என்று நீங்களும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

கர்ப்பமாக இருக்கும்போதே நேர்காணலுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தனியார் வேலைக்கான நேர்காணலில் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று பொதுவான சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். 26 வாரப் பேறுகால விடுப்பைச் சம்பளத்தோடு பெற, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த நிறுவனத்தில் குறைந்தது 80 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும். தேதி நெருங்கிவிட்டது என்றால், ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு சேரும் தேதியைப் பேசும்போது நீங்களே சொல்லிவிடுவது என் பார்வையில் நல்லது. முதல் நாளிலிருந்தே உங்களோடு வேலை செய்யப் போகிற மேலாளரின் நம்பிக்கை பின்னால் உங்களுக்குத் தேவைப்படும்.

ஊர், தெரு, இனிஷியல்

1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போடக் கூடாது என்று தீர்மானித்தது. அதன் பலனாக, தமிழ்நாட்டுப் பெயர்களை மட்டும் வைத்துச் சாதியைக் கண்டுபிடிப்பது கடினம். தெரிந்துகொள்ளத் துடிப்பவர்கள் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். சொந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு, அப்பா என்ன வேலை, குலதெய்வம் எங்கே, வெஜ்ஜா நான்வெஜ்ஜா, இனிஷியலின் விரிவு என்ன என்று கேள்விகள் நீளும். அப்பாவின் பெயரைக் கேட்டால் மதமும் தெரிந்துவிடும்.

இந்தக் கேள்விகள் எதற்காகக் கேட்கப்படுகின்றன என்று ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களின் எச்.ஆர். மேலாளர்களிடம் பேசி, 2007இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’யில் எழுதினார்கள். திறமை ஒன்றைத்தான் பார்க்கிறோம் என்று உறுதியாகச் சொன்ன அதே மேலாளர்கள், ‘குடும்பப் பின்னணி’ கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார், வீட்டில் யார் படித்தவர் என்பதிலிருந்து ஆளின் குணத்தைக் கணித்துவிடலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதே ஆண்டு அதே இதழில் சுகதேவ் தோராட்டும் பால் அட்டிவெல்லும் வேறொரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்ததில், உயர்சாதி இந்துப் பெயர்களைவிடத் தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. ஆகவே உங்களுக்கு அந்தக் கேள்வி குத்துகிறது என்றால், அது உங்கள் வீண் கற்பனை என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

பதில் சொல்வதில் படிப்படியாகப் போகலாம். ஊர் எது என்றால் சொல்லுங்கள். அதில் மறைக்க ஒன்றுமில்லை. எந்தத் தெரு என்று போனால், “பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல சார். ஆனா படிச்சதெல்லாம் மதுரையில. அங்கதான் டேலி கத்துக்கிட்டு, ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ரெண்டு வருஷம் இருந்தேன்” என்று பேச்சை வேலைக்குத் திருப்புங்கள். அப்பா கூலி வேலை செய்கிறவர் என்றால் அப்படியே சொல்லுங்கள். அதைச் சொல்லும்போது குரல் தாழ வேண்டிய அவசியம் துளியும் இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதை உங்கள் பலமாகவே வைத்துப் பேசலாம். நேரடியாகச் சாதியைக் கேட்டால், “சார், வேலை விஷயத்துல நான் அதைச் சொல்றதில்லை. என் வேலையைப் பத்தி எது வேணும்னாலும் கேளுங்க” என்ற இரண்டு வாக்கியம் போதும். அதன் பிறகு நீங்களாக எதையும் சேர்க்காதீர்கள். அமைதி நீண்டால் நீளட்டும். அதை உடைக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது இல்லை.

கோட்டா பற்றிய கேள்விக்குக் கூச்சப்படவே வேண்டாம். தமிழ்நாட்டில் 69 சதவீத இட ஒதுக்கீடு சட்டமாக இருக்கிறது; அரசுக் கல்லூரியில் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த வழியில் வந்தவர்கள். “ஆமா சார். கடைசி செமஸ்டர்ல அரியர் இல்லாம முடிச்சேன், புராஜெக்ட் இதுதான்” என்று சொல்லிவிட்டு புராஜெக்ட் பற்றி விரிவாகப் பேசுங்கள்.

உடம்பு, வழக்கு, சம்பளம்

எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கு முன்நிபந்தனையாக வைக்க 2017ஆம் ஆண்டின் சட்டம் அனுமதிப்பதில்லை. அது 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மாற்றுத்திறனாளி என்றால் “என்ன ஆச்சு, பிறவியிலேயா?” என்ற கேள்விக்கு நீங்கள் கதை சொல்லத் தேவையில்லை. இந்த வேலையை எப்படிச் செய்வேன், அதற்கு என்ன வசதி வேண்டும் என்பதைச் சொல்லுங்கள்: திரைவாசிப்பான் மென்பொருள், தரைத்தளத்தில் இருக்கை, சாய்தளம் எதுவானாலும். அந்த வசதியைக் கேட்பது சலுகை கேட்பதாக ஆகாது.

போலீஸ் வழக்கு விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. அரசு வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தில் நிலுவையிலுள்ள வழக்கையோ தண்டனையையோ கேட்டிருந்தால், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வழக்கு சிறியது, ஆனால் மறைத்தது பெரிய தவறு என்று வேலை இழந்தவர்கள் பலர். 2016இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கான வழிமுறைகளைத் தொகுத்துக் கொடுத்தது. உண்மையைச் சொன்னாலும், அந்த நபர் தகுதியானவரா என்று பார்க்கும் அதிகாரம் நிறுவனத்துக்கு உண்டு. அற்பமான வழக்கை மறைத்திருந்தால் மன்னிக்கவும் இடமுண்டு. என்றாலும் அந்த மன்னிப்பை நம்பி மறைக்காதீர்கள். நேர்காணலில் வாய்ப்பேச்சாக வரும் சொந்த விஷயக் கேள்வி வேறு, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் உறுதிமொழி வேறு.

இப்போதைய சம்பளம் எவ்வளவு என்று கேட்பதை இந்தியாவில் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மாசசூசெட்ஸ், கலிபோர்னியா போன்ற அமெரிக்க மாநிலங்களில் தடை உண்டு. இங்கே பேஸ்லிப்பே கேட்பார்கள் என்பதால் கூட்டிச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். “இப்ப சி.டி.சி. இவ்வளவு. ஆனா இந்தப் பொறுப்புக்குச் சந்தையில என்ன தர்றாங்கன்னு பார்த்துத்தான் என் எதிர்பார்ப்பைச் சொல்றேன்” என்று இரண்டையும் பிரித்துப் பேசுங்கள்.

எல்லை மீறினால்

சில கேள்விகளுக்குப் பதில் யோசிக்கவே வேண்டாம். உடல், உடை, உறவு பற்றி ஆபாசமாகப் பேசினாலோ, தனியாக வேறு இடத்தில் சந்திக்கச் சொன்னாலோ எழுந்து வெளியே வந்துவிடுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) வேலையில் சேர்ந்த பெண்ணுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பணியிடத்தில் வேலை செய்கிறவரோ இல்லையோ, எந்த வயதுப் பெண்ணும் புகார் செய்யலாம் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நேர்காணலுக்கு வந்தவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம் புகார் கொடுக்கலாம். அங்கே பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்தாலோ, முதலாளியே குற்றம் செய்தவராக இருந்தாலோ, மாவட்ட அளவிலுள்ள உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

மற்ற பாகுபாடுகளுக்கு, வெளியே வந்ததும் டீக்கடையில் உட்கார்ந்தாவது எழுதி வையுங்கள்: தேதி, நேரம், எதிரில் இருந்தவர்களின் பெயர் அல்லது பதவி, கேட்ட வார்த்தைகள் அப்படியே, நீங்கள் சொன்ன பதில். அன்றிரவே ஒரு நன்றி மின்னஞ்சல் அனுப்பி, பேசிய முக்கிய விஷயங்களை நாகரிகமாக அதில் சேர்த்துவிடுங்கள். பெண் என்பதற்காக ஒதுக்கப்பட்டதாகத் தோன்றினால் தொழிலாளர் துறையிடமும் மாநில மகளிர் ஆணையத்திடமும், மாற்றுத்திறனாளிகள் என்றால் மாநில ஆணையரிடமும் முறையிடலாம். நிரூபிப்பது கடினம், காலமும் எடுக்கும். ஆனாலும் ஒரே நிறுவனத்தின் மேல் பல பேரின் குறிப்புகள் சேரும்போது அதைத் தள்ளிவிட முடியாது.

பணத் தேவை இருக்கிறது, வேறு வழியில்லை என்று இப்படிக் கேட்கும் நிறுவனத்திலேயே சேர்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டு வாடகையும் கல்விக் கடன் தவணையும் காத்திருக்காது. சேருங்கள். ஆனால் நேர்காணலில் அவர்கள் எப்படி நடந்துகொண்டார்களோ, சம்பள உயர்வு நேரத்திலும் அப்படித்தான் இருப்பார்கள் என்று எண்ணி, அடுத்த வேலைக்கான தேடலை நிறுத்தாமல் வையுங்கள்.

கேட்கும் இடத்தில் உட்காருகிறவர்களுக்கு

இந்த நூலைப் படிக்கிறவர்களில் சிலர் சிறு நிறுவனம் நடத்துகிறவர்களாகவோ, சீக்கிரமே பேனலில் உட்காரப் போகிறவர்களாகவோ இருப்பீர்கள். உள்ளே போவதற்கு முன் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்; ஒரே வேலைக்கு வரும் எல்லாரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். மனம் போன போக்கில் பேசும்போதுதான் கல்யாணமும் குலதெய்வமும் வாயில் வருகின்றன. பி.எஃப். நியமனத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் குடும்ப விவரம் வேண்டும் என்பது உண்மை. ஆள் வேலையில் சேர்ந்த பிறகு அதை வாங்கிக்கொள்ளலாம். இன்றே உங்கள் அலுவலகத்தின் விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். எங்கிருந்தோ நகலெடுத்த பழைய படிவமாக இருந்தால் சாதி, மதம், திருமணமானவரா, கணவர் பெயர் என்ற கட்டங்கள் இன்னும் அதில் இருக்கக்கூடும். அவற்றை அடித்துவிட்டுப் புதிதாக அச்சிடுங்கள்.